சாண்டோரினி வெள்ளை ஒயின்: அதே திராட்சை வேறு ஊரில் மூன்றில் ஒரு பங்கு விலை, அப்புறம் இதை ஏன் வாங்கணும்?

நடைவண்டி:

நெதர்லாந்தில் இருக்கிறேன். வீட்டுப் பக்கத்துக் கடையில் கிரேக்க ஒயின்களுக்கென்று ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் இரண்டு வெள்ளை ஒயின். இரண்டும் அசிர்டிகோ திராட்சை, இரண்டும் ஒரே ஆண்டு அறுவடை. வட கிரேக்கத்தில் விளைந்தது 13 யூரோ. சாண்டோரினித் தீவில் விளைந்தது 42 யூரோ. ஏன் என்று கேட்டால் கடைக்காரர் "எரிமலை மண்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

எரிமலைக்காக 29 யூரோ கூடுதலாகக் கொடுக்கலாமா? குடித்தவர்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நீலக் கூரை, சூரிய அஸ்தமனம் எல்லாம் வேண்டாம், அவை போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்தாயிற்று. பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

வாடைக்காற்று:

பாரிசில் ஒயின் கடை ஒன்றில் வேலை. கிரேக்கத் தட்டு என் பொறுப்பு, அதனால் இந்தக் கேள்வி எனக்குப் பழகிப்போன கேள்வி.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால் வித்தியாசம் உடனே விளங்கும். வட கிரேக்கத்து அசிர்டிகோவில் எலுமிச்சை, பச்சை ஆப்பிள், கொஞ்சம் பூ வாசம் எல்லாம் முன்னால் வந்து நிற்கும். நல்ல ஒயின்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. சாண்டோரினியில் பழ வாசம் குறைவு. மூக்கை வைத்தால் முதலில் ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். வாயில் வைத்ததும் புளிப்பு நாக்கின் இரண்டு ஓரத்தையும் பிடிக்கும். பின்னால் ஒரு உப்புத்தன்மை வரும், விழுங்கிய பிறகும் கனக்க நேரம் நிற்கும்.

இதில் விசேஷம் என்னவென்றால் ஆல்கஹால் 14 சதவீதத்தை ஒட்டி இருக்கும். வெயில் கூடினால் திராட்சையில் சர்க்கரை கூடும், புளிப்பு இறங்கும், அதுதான் வழக்கம். அவ்வளவு பழுத்த திராட்சையில் செய்த வெள்ளை ஒயின் பெரும்பாலும் கனமாக, சோர்ந்துபோய் இருக்கும். இங்கே பழுத்த கனமும் புளிப்பும் சேர்ந்தே நிற்கிறது. நான் விற்கும் வெள்ளை ஒயின்களில் இந்தச் சேர்க்கை வேறெங்கும் இவ்வளவு அப்பட்டமாக இல்லை.

சந்தேகப்பிராணி:

உப்பு, கல், எரிமலை. ஆரம்பித்துவிட்டதா?

நான் மண்ணியல் படித்தவன். வேர் கல்லைக் கரைத்து உறிஞ்சி, அந்தக் கல்லின் ருசியைப் பழத்தில் கொண்டுபோய் வைக்கும் என்பது அறிவியலில் இல்லாத கதை. ஒயினில் இருக்கும் தாதுப் பொருட்களின் அளவு மிகச் சொற்பம், நாக்குக்கு எட்டாது. கல்லுக்கு ருசியும் கிடையாது, எரிமலைச் சாம்பலை நக்கிப் பாருங்கள். எரிமலை என்ற சொல் லேபிளில் இருந்தால் விலை ஏறும், இத்தாலியின் எட்னா எரிமலை முதல் ஸ்பெயினின் கேனரி தீவு வரை இப்போது இதுதான் வியாபாரம்.

பந்தல்காரர்:

சந்தேகப்பிராணி சொல்வதில் பாதிதான் சரி. கல்லின் ருசி ஒயினில் வராது, சரி. ஆனால் மண் ஒன்றும் செய்யவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. திராட்சைச் சாகுபடி என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாக.

கி.மு. 1600ஐ ஒட்டி அந்தத் தீவில் வெடித்த எரிமலை, தீவின் நடுப்பகுதியையே கடலுக்குள் இறக்கிவிட்டு, மிச்சம் இருந்த நிலத்தின் மேல் பல மீட்டர் உயரத்துக்குச் சாம்பலும் நுரைக்கல்லும் (துளை நிறைந்த எரிமலைக் கல்) கொட்டிவிட்டுப் போனது. அந்த ஊரில் இந்த மண்ணை அஸ்பா என்கிறார்கள். அதில் மக்கிய இலைதழைச் சத்து கிட்டத்தட்ட இல்லை, களிமண் இல்லை, பொட்டாசியமும் மிகக் குறைவு.

பொட்டாசியம்தான் இங்கே விஷயம். திராட்சைச் சாற்றில் பொட்டாசியம் நிறைய இருந்தால் அது டார்டாரிக் அமிலத்தோடு சேர்ந்து உப்பாகப் படிந்துவிடும், புளிப்பு இறங்கிவிடும். பொட்டாசியம் குறைந்தால் அமிலம் அப்படியே நிற்கும். அசிர்டிகோ இயல்பிலேயே புளிப்பை விடாத ரகம். ரகமும் மண்ணும் சேர்ந்ததால் பி.எச். (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 3ஐ ஒட்டி நிற்கிறது, ஆகஸ்ட் வெயிலில் முழுக்கப் பழுத்த பிறகும். வாடைக்காற்று நாக்கில் உணர்ந்தது இதைத்தான். எரிமலை ருசி இல்லை, எரிமலை மண்ணின் விளைவு.

களிமண் இல்லாததில் இன்னொரு லாபம். 1860களில் தொடங்கி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்த பைலாக்சரா பேன் இந்த மண்ணில் வாழ முடியவில்லை. ஐரோப்பாவின் மற்ற இடங்களில் பெரும்பாலும் அந்தப் பேனைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டித்தான் கொடி வளர்க்கிறார்கள், சாண்டோரினியில் கொடி இன்றும் சொந்த வேரில் நிற்கிறது.

நடைவண்டி:

நன்றி, இதுதான் நான் எதிர்பார்த்த பதில். ஆனால் புளிப்புக்கு இவ்வளவு விலையா? எலுமிச்சை மலிவுதானே.

பந்தல்காரர்:

விலைக்குக் காரணம் புளிப்பு இல்லை, விளைச்சல்.

நம் ஊரில் திராட்சை என்றால் தலைக்கு மேல் பந்தல், கீழே நின்று கையை நீட்டிப் பறிக்கலாம். சாண்டோரினியில் கொடி தரையில் கிடக்கிறது. கோடையில் ஏஜியன் கடல் மேல் வடக்கிலிருந்து மெல்தெமி என்ற காற்று நாள்கணக்கில் அடிக்கும், மணலை வாரி இறைக்கும். பந்தலோ கம்பியோ போட்டால் பூவும் பிஞ்சும் தாங்காது. அதனால் ஒவ்வொரு குளிர்காலமும் கவாத்து செய்யும்போது, போன வருடக் குச்சிகளை வளைத்து ஒன்றுக்குள் ஒன்று செருகி வட்டமாகப் பின்னுகிறார்கள். பானைக்கு அடியில் வைக்கும் பிரிமணையை அடுக்கடுக்காக வைத்தது போல இருக்கும். இதற்குக் கூலூரா என்று பெயர். குலைகள் அந்தக் கூடையின் உட்பக்கம் தொங்கும். காற்றும் மணலும் படாது, வெயிலும் நேராகக் குத்தாது.

மழை சொற்பம், அதுவும் குளிர்காலத்தில் பெய்து முடிந்துவிடும். கோடை முழுக்க ராத்திரியில் கடலிலிருந்து ஏறும் ஈரத்தை நுரைக்கல் பஞ்சு மாதிரி இழுத்து வைத்துக்கொள்ளும், அதை வைத்துத்தான் கொடி காலம் தள்ளுகிறது. ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் இடைவெளி விட்டால்தான் கட்டுப்படி ஆகும்.

இனி கணக்கு. பிரான்சில் வெள்ளை ஒயினுக்கு ஹெக்டேருக்கு 50, 60 ஹெக்டோலிட்டர் (ஒன்று 100 லிட்டர்) சாதாரணம். சாண்டோரினியில் பழைய கொடித் தோட்டம் 15 கொடுத்தால் பரவாயில்லை என்பார்கள். 15 என்றால் ஹெக்டேருக்கு 2,000 பாட்டில். பிரான்சில் 6,600க்கு மேல். அந்த 2,000 பாட்டிலுக்கும் கவாத்து கையால், பின்னல் கையால், அறுவடை குனிந்து கையால். எந்த இயந்திரமும் உள்ளே நுழைய முடியாது.

கூடை வயதாகிப் பலன் குறைந்தால் தரையோடு வெட்டிவிடுவார்கள், அதே வேரிலிருந்து புதுத் துளிர் வரும், அதை மறுபடி பின்னுவார்கள். ஆகவே மேலே தெரியும் கொடியின் வயது ஒன்று, கீழே இருக்கும் வேரின் வயது வேறு.

சந்தேகப்பிராணி:

பொட்டாசியம் விளக்கம் ஏற்கக்கூடியது, அதில் எனக்குச் சண்டை இல்லை. விலைக் கணக்கில்தான் இடிக்கிறது. இந்தக் கூடையும் காற்றும் குறைந்த விளைச்சலும் 2005லும் இருந்தவைதானே? அப்போது இந்த ஒயின் சாதாரண விலைக்குக் கிடைத்தது. மண்ணும் உழைப்பும் மாறவில்லை, விலை மட்டும் மாறியிருக்கிறது. அப்படியானால் காரணம் தோட்டத்தில் இல்லை, விளம்பரத்தில் இருக்கிறது.

வாடைக்காற்று:

தோட்டத்திலும் மாறியிருக்கிறது. தோட்டமே குறைந்துகொண்டு வருகிறது.

தீவின் மொத்தப் பரப்பு 76 சதுர கிலோமீட்டர். திராட்சை இன்று ஆயிரம் ஹெக்டேரை ஒட்டித்தான், அதாவது 10 சதுர கிலோமீட்டர். நிரந்தரமாக வசிப்பவர்கள் பதினையாயிரம் பேர் சொச்சம், 2023ல் வந்து போனவர்கள் 34 லட்சம். இப்போது கப்பல் பயணிகளுக்கே ஒரு நாளைக்கு 8,000 பேர் என்று வரம்பு போட்டிருக்கிறார்கள், அதிலிருந்தே நிலைமையை ஊகிக்கலாம். தாத்தாவின் தோட்டத்தைப் பேரன் என்ன செய்வான்? குனிந்து கொடி பின்னுவானா, நாலு அறை கட்டி வாடகைக்கு விடுவானா? அங்கே கோடையில் ஆள் கூலிக்குப் போட்டி ஹோட்டல்களோடு.

அதற்கு மேல் 2023, 2024 இரண்டு அறுவடையும் வறட்சியிலும் வெப்பத்திலும் படுத்துவிட்டன. ஒரு காலத்தில் கிலோ ஒரு யூரோவுக்குப் போன திராட்சையைப் பிடிக்க ஒயினரிகள் இப்போது அடிபடுகின்றன. கிலோ 5 யூரோ என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டிலுக்கு ஒன்றேகால் கிலோ போல வேண்டும். கண்ணாடி, தக்கை, கூலி, கப்பல், வரி, என் முதலாளியின் லாபம் எதுவும் சேர்வதற்கு முன்னமே 6 யூரோவுக்கு மேல் போய்விட்டது. உங்கள் 13 யூரோ பாட்டிலில் திராட்சைக்குப் போனது அதில் சின்னத் துண்டுதான்.

42 நியாயமா என்று கேட்டால், எல்லா 42ம் நியாயம் இல்லை. பெயரை வைத்து விற்கிற சுமாரான பாட்டில்களும் கனக்க இருக்கின்றன. தீவிலேயே, எரிமலைப் பள்ளத்தில் நிறைந்த கடலைப் பார்த்த மொட்டை மாடிகளில், கிளாஸ் கிளாஸாக வெயிலில் சூடாகிப்போன ஒயினை நல்ல விலைக்கு ஊற்றித் தருவார்கள். நானும் ஏமாந்திருக்கிறேன், ஊற்றியவர் கிளாஸைக் கூடத் துடைக்கவில்லை.

பழங்கலம்:

நடுவில் ஒரு வரலாற்றுக் குறுக்கீடு. தீவு 1950களில் காலியாகியிருக்க வேண்டியது. 1956 ஜூலை 9 நிலநடுக்கத்தில் 50க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், ஊர்கள் இடிந்தன, நிறையப் பேர் ஏதென்ஸ் பக்கம் போய்விட்டார்கள். அப்போது தோட்டங்களைப் பார்க்க ஆள் இல்லை. இப்போது ஆள் நிறைய, தோட்டத்துக்குத்தான் இடம் இல்லை. 2025 பிப்ரவரியில் ஓயாமல் நடுங்கியபோது பத்தாயிரம் பேருக்கு மேல் தீவைவிட்டு வெளியேறினார்கள். அந்த நேரம் கவாத்துக் காலம் என்பதை நான் பார்த்த எந்தச் செய்தியிலும் சொல்லவில்லை.

இந்தத் தீவின் பழைய புகழ் இப்போது நீங்கள் பேசும் வெள்ளை ஒயினுக்கு இல்லை, வின்சாந்தோ என்ற இனிப்பு ஒயினுக்கு. வெனிஸ்காரர்கள் காலத்திலிருந்தே கப்பலில் போனது. 19ஆம் நூற்றாண்டில் முக்கிய வாடிக்கை ரஷ்யா, அங்கே தேவாலய வழிபாட்டுக்கு இதை வாங்கினார்கள். 1917 புரட்சியோடு அந்தச் சந்தை போயிற்று.

அப்புறம் யவனர் மது என்றதும் நமக்குச் சங்கப் பாடல் ஞாபகம் வரும். அரிக்கமேட்டில் கிடைத்த ஒயின் ஜாடித் துண்டுகளில் கோஸ் தீவுப் பாணி ஜாடிகள் முக்கியமானவை. கோஸும் ஏஜியன் தீவுதான். கோஸ் ஒயினில் கடல்நீர் கலப்பார்கள், அதுதான் அதன் அடையாளம். உப்பு ருசி பற்றிப் பேசுகிறவர்களுக்கு இது உதவலாம்.

நாலாம்ஜாமம்:

அப்படியானால் தமிழர்கள் சாண்டோரினி ஒயின் குடித்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பழங்கலம்:

எடுத்துக்கொள்ளக் கூடாது. கோஸ் வேறு, சாண்டோரினி வேறு. கோஸ் பாணி ஜாடியை இத்தாலியிலும் செய்தார்கள். ஜாடியின் வடிவத்தை வைத்து உள்ளே இருந்தது எந்தத் தோட்டத்து மது என்று சொல்ல முடியாது.

நெறியாளர்:

அரிக்கமேட்டுக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தொடருங்கள். இங்கே பாட்டில் விஷயத்தோடு நிற்கலாம்.

மழைக்காகம்:

வின்சாந்தோ பற்றி யாராவது சொல்லுங்கள். இத்தாலியில் டஸ்கனியில் வின் சாந்தோ குடித்திருக்கிறேன், பிஸ்கட் நனைத்துச் சாப்பிடக் கொடுத்தார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

வாடைக்காற்று:

பெயர்தான் கிட்டத்தட்ட ஒன்று. டஸ்கனியில் திராட்சையை மாடி அறைக்குள் தொங்கவிட்டோ பாயில் பரப்பியோ மாதக்கணக்கில் நிழலில் உலர்த்துவார்கள். சாண்டோரினியில் வெட்டவெளியில், நேர் வெயிலில் ஒன்று இரண்டு வாரம் காயப்போடுவார்கள். அசிர்டிகோ பாதிக்கு மேல் இருக்க வேண்டும், ஐதானி, அதிரி என்ற மற்ற இரண்டு வெள்ளை ரகங்கள் கூட சேரும். ஐதானிதான் அதற்கு வாசம் கொடுக்கிறது. காய்ந்த பழத்தைப் பிழிந்தால் வருவது தேன் மாதிரி இருக்கும், மெதுவாகத்தான் நொதிக்கும். குறைந்தது இரண்டு வருடம் பீப்பாயில் இருக்க வேண்டும் என்பது சட்டம். தீவில் ஒயின் செய்யும் ஆர்கிரோஸ் குடும்பம் இருபது வருடம் வைத்திருந்து விற்றதும் உண்டு.

கிளாஸில் ஊற்றினால் நல்லெண்ணெய்க்கும் கருப்பட்டிக்கும் நடுவான நிறம். உலர்ந்த அத்தி, காப்பிக்கொட்டை, ஆரஞ்சுத் தோல் எல்லாம் வரும். சர்க்கரை லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல் இருந்தும் திகட்டாது, காரணம் பந்தல்காரர் சொன்ன அதே புளிப்பு. பிஸ்கட்டை நனைத்து இதை வீணாக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால் தீவின் உண்மையான பெரிய ஒயின் இதுதான். யாரும் வாங்குவதில்லை. இனிப்பு ஒயின் என்றால் இப்போது ஆட்கள் ஓடுகிறார்கள்.

பந்தல்காரர்:

காய்ந்த பழம் என்றால் எடை பாதிக்கு மேல் போய்விடும். ஏற்கெனவே குறைந்த விளைச்சல், அதிலும் பாதி ஆவியாகிறது. கிலோ விலை இப்படி ஏறிய பிறகு வின்சாந்தோ போடுகிறவர்களுக்குப் பெரிய மனசு வேண்டும்.

சந்தேகப்பிராணி:

சரி, வேறொரு கேள்வி. அசிர்டிகோ இவ்வளவு நல்ல ரகம் என்றால் வேறு எரிமலை மண்ணில், வேறு வெயில் நாட்டில் நட்டுவிட்டால் ஆயிற்றே? ஒரு சின்னத் தீவைப் பிடித்துத் தொங்க வேண்டிய அவசியம் என்ன?

வாடைக்காற்று:

நட்டுவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் கிளேர் பள்ளத்தாக்கில் ஜிம் பாரி குடும்பம் சாண்டோரினிக்கு 2006ல் வந்து ருசி பார்த்து, குச்சி கொண்டுபோய், 2016ல் விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவிலும் போட்டிருக்கிறார்கள். கிரேக்கத்துக்குள்ளேயே தெசலோனிகி பக்கம் எபனோமியில் கெரோவசிலியூ என்ற ஒயின் தயாரிப்பாளர் பல காலமாக அசிர்டிகோவை மலகுசியா என்ற வாசனை ரகத்தோடு கலந்து போடுகிறார், அருமையான ஒயின். கிரீட், தினோஸ் தீவுகளிலும் இருக்கிறது. சூடு ஏற ஏற இந்த ரகத்துக்கு உலகம் முழுக்க மவுசு கூடும்.

ஆனால் கிளேர் பள்ளத்தாக்கு அசிர்டிகோ கிளேர் பள்ளத்தாக்கு மாதிரிதான் இருக்கிறது. சுத்தமாக, எலுமிச்சையாக, நன்றாக. அந்த உப்பும் பிடியும் இல்லை. அது ஏன் என்று பந்தல்காரர் சொல்வார்.

பந்தல்காரர்:

முழுக்கச் சொல்ல யாராலும் முடியாது. ஒட்டுப் போடாத வேர், பழைய வேர், பட்டினி மண், கூடைக்குள் பழுக்கும் குலை, காற்று எல்லாம் சேர்ந்த கணக்கு. ஒன்றை எடுத்துவிட்டுப் பார்க்கும் பரிசோதனை தீவிலேயே நடக்கிறது. சிலர் கூலூராவை விட்டுவிட்டு வரிசையாக, கம்பியில் ஏற்றி நடுகிறார்கள். வேலை சுலபம், ஆள் குறைவு, விளைச்சல் கூடுதல். பழமைவாதிகள் திட்டுகிறார்கள். நான் திட்ட மாட்டேன். கூடை பின்னத் தெரிந்த பெரியவர்கள் குறைந்துவருகிறார்கள், கூடைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் தோட்டமே ஹோட்டலாகிவிடும். காற்று குறைவான சரிவுகளில் கம்பியும், திறந்தவெளியில் கூடையும் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

வாடைக்காற்று:

இதில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. கம்பியில் ஏற்றி, தண்ணீர்க் குழாய் போட்டு, விளைச்சலைக் கூட்டி எடுத்தால் அது 13 யூரோ ஒயினோடு போட்டி போடும் ஒயின்தான். அதற்கு 42 கேட்க முடியாது. 42 கேட்க முடியாத தோட்டம் அந்தத் தீவில் நிற்காது, நிலத்தின் விலை அப்படி. கூடையைக் காப்பாற்றுவது பாசத்தால் இல்லை, அதுதான் அவர்கள் கையில் இருக்கும் ஒரே சரக்கு.

முன்னுதாரணமும் இருக்கிறது. மாவ்ரோத்ராகனோ என்ற சிவப்பு ரகம் கிட்டத்தட்ட அழிந்துபோயிருந்தது, விளைச்சல் இல்லை என்று ஆட்கள் கைவிட்டார்கள். 1990களில் கணக்கு வாத்தியாராக இருந்து ஒயினுக்கு வந்த பாரிஸ் சிகாலாஸும், கிரீட்டிலிருந்து வந்த ஹரிதிமோஸ் ஹட்சிதாகிசும் அதைத் தனியாகப் பாட்டிலில் போட்டுக் காட்டினார்கள். இன்று அதற்குக் காத்திருந்து வாங்குகிறார்கள். ஹட்சிதாகிஸ் 2017ல் போய்விட்டார், குடும்பம் நடத்துகிறது.

பந்தல்காரர்:

மாவ்ரோத்ராகனோ சொற்ப ஏக்கர். அதை வைத்துத் தீவு முழுக்கக் கணக்குப் போட முடியாது. கூலிக்கு ஆள் வராத வருடம் என்ன செய்வார்கள் என்பதுதான் என் கேள்வி, அதற்குப் பதில் இல்லை.

நடைவண்டி:

நீங்கள் இரண்டு பேரும் தொடருங்கள், நான் 42ஐ வாங்கிவிட்டேன். இப்போது நடைமுறைக் கேள்வி. உடனே திறக்கலாமா, வைத்துக் குடிக்க வேண்டுமா? லேபிளில் நிக்தேரி என்று வேறு போட்டிருக்கிறது, அது என்ன?

வாடைக்காற்று:

நிக்தேரி என்றால் பழைய வழக்கப்படி பகலில் பறித்ததை அன்றைக்கு ராத்திரியே பிழிந்து முடிப்பது, சூட்டில் திராட்சை கெடாமல் இருக்க. இன்றைக்கு அர்த்தம் கொஞ்சம் மாறிவிட்டது. நன்றாகப் பழுத்த திராட்சை, கூடுதல் ஆல்கஹால், மூன்று மாதமாவது மரப் பீப்பாய். உங்கள் பாட்டில் கனமானது, சாதாரண சாண்டோரினி மாதிரி விறைப்பாக இருக்காது. முதல் தடவைக்கு அது தோதா என்று கேட்டால், நான் பீப்பாய் படாததைத்தான் கொடுத்திருப்பேன், பரவாயில்லை.

மூன்று நாலு வருடம் வைக்கலாம், அதற்கு மேலும் தாங்கும். புளிப்பு கூடிய ஒயின் மெதுவாகத்தான் வயதாகும். இப்போதே திறப்பதென்றால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிஷம் வெளியே வையுங்கள், 11, 12 டிகிரி போதும். ஐஸ் மாதிரி குளிர்ந்தால் வெறும் புளிப்புத்தான் தெரியும். அகலமான கிளாஸ், குறுகலானது வேண்டாம். முடிந்தால் ஜாடியில் ஊற்றி அரை மணி விடுங்கள், வெள்ளை ஒயினுக்கு யாரும் செய்வதில்லை, இதற்குச் செய்யலாம். கூட, சுட்ட மத்தி மீன், கணவாய். தக்காளியை நறுக்கி மாவில் பிசைந்து பொரிப்பது அந்தத் தீவின் வழக்கம், அதுவும் பொருந்தும்.

சந்தேகப்பிராணி:

அந்த 13 யூரோ பாட்டிலையும் சேர்த்து வாங்கி, லேபிளை மறைத்து வீட்டில் யாரையாவது ஊற்றித் தரச் சொல்லுங்கள். எது எது என்று தெரியாமல் குடித்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள்.

நடைவண்டி:

இரண்டும் ஃபிரிட்ஜில் இருக்கின்றன. சனிக்கிழமை மனைவி ஊற்றுகிறார்.